அப்பா ஊருக்குப் போயிருக்கார் என்று சொல்லி வைத்திருக்கிறோம், இனி எப்படிச் சொல்வது?

பகுதி: பிள்ளை வளர்ப்பு

1. கொறங்காட்டுக்கிளி (செவ்வாய், இரவு 10.52)

எல்லோருக்கும் வணக்கமுங்க. இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தங்கச்சி வீட்டுக்காரர் போன மாதம் இறந்துவிட்டார். வயசு 38. பல்லடம் பக்கம் எட்டுத் தறி சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். விடியற்காலையில் நெஞ்சு வலிக்குது என்றார், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு எட்டு வயசு, மூணாவது படிக்கிறான். சின்னவளுக்கு நாலரை.

அன்றைக்கு இருந்த அமளியில் யாரோ இரண்டு பேரையும் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். எல்லாம் முடிந்து பொழுதோடதான் கூட்டிவந்தார்கள். கொள்ளி வைத்தது அவருடைய தம்பி. வந்ததும் சின்னவள் அப்பா எங்கே என்று கேட்க, எங்க அம்மா, அதாவது பிள்ளைகளின் அமுச்சி, "வடக்க துணி லோடு ஏத்திட்டுப் போயிருக்காரு சாமி" என்று சொல்லிவிட்டார். அந்த நிமிஷத்துக்கு வாயில் வந்தது அது. அப்புறம் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம்.

கருமாதி முடிந்து தங்கச்சியும் பிள்ளைகளும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். ரோட்டில் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் கேட்டால் சின்னவள் கேட்டுக்கு ஓடுகிறாள். பெரியவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாக விளையாடுகிறான், சாப்பிடுகிறான். ஆனால் இரண்டு வாரமாகப் படுக்கையை நனைக்கிறான். மூன்று வயசிலேயே நின்றுபோன பழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாப்பில் அவருடைய சிநேகிதர்கள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வீட்டுக்குள் ரகசியம் காக்கிறோம், அவர் படம் எட்டடி உயரத்தில் ரோட்டில் நிற்கிறது! பெரியவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து என்னிடம், "பெரிம்மா, தோற்றம் மறைவுன்னு போட்டிருக்கு. மறைவுன்னா என்னங்?" என்றான். பக்கத்தில் இருந்த சின்னவள், "அப்பா ஒளிஞ்சிருக்காரா?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சொல்லலாமா? எப்படிச் சொல்வது? அம்மா "பிஞ்சு மனசு, வேண்டாம்" என்கிறார்.

2. அவிநாசிக்காரி (செவ்வாய், இரவு 11.20)

கிளி அக்கா, ஆறுதல் சொல்ல வார்த்தை வரவில்லை. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லிவிடுங்கள். அந்தப் பையன் மறைவுக்கு அர்த்தம் தெரியாமல் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பார்க்கக் கேட்டிருக்கிறான்.

3. தறிச்சத்தம் (புதன், காலை 6.05)

எல்லோரும் சொல்லு சொல்லு என்றுதான் வரப்போகிறீர்கள், அதனால் மாற்றுக் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன். எங்கள் அண்ணன் இறந்தபோது அவர் மகளுக்கு ஐந்து வயது, எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொன்னோம். அதற்கப்புறம் ஆறு மாதம் ராத்திரி தூக்கத்தில் எழுந்து அலறினாள். அண்ணியே எழுந்து உட்கார முடியாமல் கிடந்தார், குழந்தையை யார் பார்ப்பது? பெற்றவள் தேறி நிற்கிற வரைக்கும் ஊருக்குப் போயிருக்கார் என்று இருப்பதில் என்ன குடி முழுகிப்போகிறது? பிள்ளைகள் வளர வளரத் தானாகவே புரிந்துகொள்ளும். நம் பாட்டன் பூட்டன் எல்லாம் எந்த ஆலோசகரிடம் போனார்கள்?

4. மூணாம் நம்பர் பஸ் (புதன், காலை 9.41)

தறிச்சத்தம் அண்ணா, தானாகப் புரிந்துகொண்ட ஒருவன் எழுதுகிறேன்.

1987, கோபி பக்கம். எனக்கு ஆறு வயசு. அம்மா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னார்கள். என்னை அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எல்லோரும் என்னிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். கேட்காமலே முட்டாய் வாங்கித் தந்தார்கள். ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனால் கேட்டால் எல்லோர் முகமும் ஒரு மாதிரி ஆகும், அதனால் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்துக் கோலிக்குண்டு விளையாடும்போது சண்டை. ஒரு பையன் "உங்கம்மாதான் செத்துப் போயிட்டாளே, போடா" என்றான். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று இன்னும் ஒரு வருஷம் நடித்தேன். ஆறு வயசுப் பையன் ஒருவன் பெரியவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான், யோசித்துப் பாருங்கள்.

அப்பா நல்ல மனுஷர். ஆனால் அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் மனசுக்குள் ஒருதரம் சரிபார்த்துக்கொள்வேன். அவர் சாகிற வரைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

5. கூடுதுறை வாத்தியார் (புதன், காலை 11.15)

அம்மணி, நான் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி தலைமையாசிரியர். பவானிக்காரன். கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேருகிற இடத்தில் தினமும் யாராவது சாம்பல் கரைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

நம் பாஷையில் சாவுக்கு எத்தனை மூடுதுணி பாருங்கள். தவறிட்டார், காலமாயிட்டார், சிவலோகம் போனார், இயற்கை எய்தினார், கண்ணை மூடிட்டார். பெரியவர்களுக்கு இது மரியாதை. பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு புதிர். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்குழந்தையிடம் "உங்க அப்பாரு தவறிட்டாரு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் என்னிடம் வந்து "எதுல இருந்துங் சார் தவறி விழுந்தாரு?" என்று கேட்டாள். இன்னொரு பையன், சாமிகிட்டப் போயிட்டார் என்று சொல்லப்பட்டவன், கோயில் திருவிழாவில் கருவறையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

செத்துட்டார் என்று சொல்லுங்கள். இறந்துட்டார் என்றாலும் சரி. கேட்கக் கரடுமுரடாக இருக்கும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை தெரியும். ஆட்டுக்குட்டி செத்ததைப் பார்த்திருக்கும், கிடா வெட்டைப் பார்த்திருக்கும். செத்தது எழுந்து வராது என்பது அவர்களுக்கு எங்கோ ஒரு மூலையில் தெரிந்த விஷயம்தான். அது அப்பாவுக்கும் நடக்கும் என்பதுதான் புதுசு.

6. ராத்திரி டூட்டி (புதன், மாலை 4.30)

நான் நர்ஸ். குழந்தைகள் வார்டிலும் அப்புறம் மனநலப் பிரிவிலும் வேலை பார்த்திருக்கிறேன்.

கிளி அக்கா, பெரியவன் படுக்கை நனைப்பது இந்த நேரத்தில் நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான். விரல் சூப்புவது, மழலை பேசுவது, அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். திட்டாதீர்கள், ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) முன்னால் கேலி செய்ய விடாதீர்கள். பாயை மாற்றிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

நன்றாக விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் துக்கத்தில் முழுசாக மூழ்கிக் கிடப்போம். பிள்ளைகள் அப்படி இருக்க மாட்டார்கள். பத்து நிமிஷம் அழுகை, உடனே தூரி ஆடப் போய்விடும், திரும்ப வந்து கேட்கும். அதைப் பார்த்துவிட்டு "இதுக்கு ஒண்ணும் தெரியல" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வயசைப் பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. மரியா நாகி என்ற பெண்மணி ஹங்கேரியில் 3 முதல் 10 வயசு வரையான 378 குழந்தைகளிடம் சாவு என்றால் என்ன என்று விசாரித்து 1948இல் எழுதினார். ஐந்துக்குக் கீழே இருக்கிறவர்களுக்குச் சாவு என்பது ஒரு பயணம், அல்லது தூக்கம். திரும்பி வரலாம். ஐந்திலிருந்து ஒன்பது வரை அது ஓர் ஆள், வந்து பிடித்துக்கொண்டு போகிறவன். ஒன்பதுக்கு மேல்தான் எல்லோருக்கும் வருவது, திரும்ப முடியாதது என்கிற தெளிவு. பின்னால் வந்தவர்கள் ஐந்திலிருந்து ஏழுக்குள்ளேயே பல பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது என்கிறார்கள். அந்த ஆள் யார் என்று நம்மூர்ப் பிள்ளைகளிடம் கேட்கவே வேண்டாம், எருமை மேல் வருவார் என்று டிவியே சொல்லிக்கொடுத்திருக்கும்.

இப்போது உங்கள் சின்னவளைப் பாருங்கள். நாலரை வயசு. சாவே அவளுக்கு ஒரு பயணம்தான். அவளிடம் போய் ஊருக்குப் போயிருக்கார் என்றால் அவள் கேட்டில்தான் நிற்பாள். அவளை அங்கே நிறுத்தி வைத்திருப்பது நம் வார்த்தை.

தறிச்சத்தம் அண்ணா சொன்னதில் ஒன்று சரி. சொல்கிறவர் நிலையாக இருக்க வேண்டும். பெற்றவளால் முடியாவிட்டால் பிள்ளைக்கு நெருக்கமான இன்னொருவர் சொல்லலாம், அம்மா பக்கத்தில் இருந்தால் போதும். குழந்தை ராத்திரி அலறியது சொன்னதாலா, அப்பா செத்ததாலா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

7. அவிநாசிக்காரி (புதன், இரவு 8.02)

சாமி கதைகளும் கவனம். எங்கள் ஊர்க் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயசுப் பையன் குளத்தில் குளிக்கும்போது முதலை விழுங்கிவிடுகிறது. அவனோடு குளித்தவனுக்குச் சில வருஷம் கழித்து ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர் வீட்டில் அழுகை. அந்த வழியாக வந்த சுந்தரர் கேட்டு மனம் இளகிப் பதிகம் பாட, முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது, அதுவும் இத்தனை வருஷ வளர்த்தியோடு. "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே." அழகான வரி.

என் நாத்தனார் மகன் தம்பியை இழந்தபோது ஆறு வயசு. மனசு ஆறட்டும் என்று கோயிலுக்குக் கூட்டிப் போய் இதே கதையைச் சொன்னேன். புத்தி எங்கே போச்சோ! அடுத்த ஒரு மாதம் அவன் எந்தப் பாட்டு, எத்தனை தரம் பாடணும், தப்பில்லாமப் பாடணுமா என்று என்னைக் குடைந்தெடுத்துவிட்டான். கடைசியில், "நாந்தான் சரியாப் பாடலியா அத்த?" என்றான். அந்த வார்த்தைக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

8. நொய்யல்கரை (புதன், இரவு 8.30)

எங்கள் பேரூரில் இறவாப்பனை இருக்கிறது. சாகாத மரம் என்று சொல்லித் தொலைத்துவிட்டு, அதில் ஒரு மட்டை ஒடித்து அமுச்சிக்குக் கொடுத்திருந்தால் என்ன என்று கேட்ட பொடியனிடம் மாட்டிக்கொண்டவன் நான். அவிநாசிக்காரி அக்காவுக்கு என் ஆதரவு.

9. நாலாம் பந்தம் (வியாழன், காலை 7.18)

இதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கும் சடங்குக்கும் சேர்த்துக்கொண்டால் நல்லது என்று யாராவது எழுதிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எங்க அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான், ஒன்பது வயசில். மூத்த மகன், வேறு வழியில்லை என்றார்கள். மொட்டை அடித்தார்கள். ஈர வேட்டி. தோளில் தண்ணிக்குடம், சுற்றிச் சுற்றி வரும்போது பின்னால் ஒருவர் குடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர் முதுகில் ஊற்றியது. குடத்தைப் பின்னால் போட்டு உடை, திரும்பிப் பார்க்காதே என்றார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் கையில் தீயைக் கொடுத்து அப்பா மேல் வை என்றார்கள். அப்பாவைச் சுட்டது நான் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மொட்டை என்று கூப்பிட்டது தனிக் கதை.

இரண்டு வருஷம் கழித்து அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இறந்தார். அப்போது என் பெரியப்பா, அவர் பள்ளிக்கூடமே போகாதவர், என்னையும் மற்ற பேரன்மாரையும் முதல்நாள் ராத்திரியே வாசலில் உட்கார வைத்து, "நாளைக்கு நெய்ப்பந்தம் புடிக்கோணும். உங்க அப்பாருக்கு வழியில வெளிச்சம் காட்றது. கை நடுங்குச்சுன்னா எங்கிட்டக் குடுத்தரலாம், ஒண்ணும் தப்பில்ல. வேண்டாம்னு தோணுச்சுன்னாலும் சொல்லு" என்றார். நான் நாலாவதாக நின்றேன். பக்கத்திலேயே அவர் நின்றார், வேறு எந்த வேலைக்கும் போகவில்லை. அந்தச் சாவு எனக்கு நினைத்துப் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. அப்பாவுடையது இன்னும் முடியவில்லை.

10. கூடுதுறை வாத்தியார் (வியாழன், காலை 9.00)

தம்பி, உங்க பெரியப்பாவுக்குக் கைகூப்பு.

11. தறிச்சத்தம் (வியாழன், காலை 10.26)

படித்தேன். நாலாம் பந்தம் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சுடுகாட்டுக்குப் பிள்ளை கூடாது என்பதில் இன்னும் நான் மாறவில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்வது என்று ஒன்று இருக்கிறது, அதை நாங்கள் செய்யவில்லை. அண்ணன் மகளை வாசலில் கூட்டத்துக்கு நடுவில் வைத்துச் சொன்னோம், ஒப்பாரிச் சத்தத்தில். சொன்னோம் என்பதைவிட அவள் கேட்டுக்கொண்டாள்.

12. நெறியாளர் (வியாழன், மதியம் 1.10)

இந்த இழையில் குழந்தையின் பிறந்த நேரம் தகப்பனை முழுங்கிவிட்டது, பரிகாரம் செய்யுங்கள் என்று வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். எழுதியவருக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டுள்ளது.

13. கூடுதுறை வாத்தியார் (வியாழன், மதியம் 1.48)

நீக்கியது நல்லது. ஆனால் அந்தப் பேச்சு கிளி அம்மணியின் வீட்டிலும் வாசலோரம் உட்கார்ந்திருக்கும், எந்த இழவு வீட்டிலும் யாராவது ஒரு கிழம் இதைச் சொல்லாமல் எழுந்து போவதில்லை. "இது பொறந்த நேரம்" என்று பிள்ளை காதுபடவே சொல்வார்கள். என் 34 வருஷ வேலையில் இதைக் கேட்டுச் சுருண்டுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஒறம்பரையாக இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும், மரியாதை பார்க்க வேண்டாம்.

14. கொறங்காட்டுக்கிளி (வியாழன், இரவு 9.55)

எல்லாவற்றையும் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். மூணாம் நம்பர் பஸ் அண்ணா எழுதியது வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் போய்த்தான் அழுகிறாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் கேட்காது என்று நினைக்கிறாள்.

சொல்லலாம் என்று சம்மதித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை. ஆனால் என்ன வார்த்தை? வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயமாக இருக்கிறது. எரித்துவிட்டோம் என்பதைச் சொல்ல வேண்டுமா?

15. ராத்திரி டூட்டி (வெள்ளி, காலை 6.40)

டூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள் அக்கா. "அப்பாவோட இருதயம் அன்னிக்குக் காலைல வேலை செய்யறத நிறுத்திருச்சு. டாக்டர்கிட்டக் கொண்டு போனோம், சரிபண்ண முடியல. அப்பா செத்துட்டாரு. செத்துட்டா மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது, திரும்ப வரமுடியாது. ஊருக்குப் போயிருக்காருன்னு நாங்க சொன்னது பொய்யி. எங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இனிமே பொய் சொல்ல மாட்டோம்." இவ்வளவு போதும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பேச விடுங்கள். அந்த அமைதி நமக்குத்தான் கஷ்டம்.

தூங்கிட்டார் என்று மட்டும் வேண்டவே வேண்டாம். அடுத்த நாள் ராத்திரி பிள்ளை கண்ணை மூடப் பயப்படும். உடம்பு சரியில்லாமச் செத்துட்டார் என்று பொதுவாகச் சொன்னால், அம்மாவுக்குச் சளி பிடித்தாலே நடுங்கும். சாதாரணக் காய்ச்சல் வேறு, இது வேறு என்று சேர்த்துச் சொல்லுங்கள். நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும் என்பதும் வேண்டாம், நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படும்.

எரித்ததைக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் இப்போது வேண்டாம். கேட்டால் முதலில் உடம்புக்கு வலி தெரியாது என்பதைச் சொல்லிவிட்டு அப்புறம். நகம் வெட்டினால் வலிக்குதா, முடி வெட்டினால் வலிக்குதா என்று கேட்டால் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

பெரியவனிடம் ஒன்று, அவன் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்: "நீ நெனச்சதாலயோ பேசினதாலயோ பண்ணுனதாலயோ அப்பா சாகல." அந்த வயசில் தான் நினைத்தால் நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். அதிலும் நம்மூரில் கோபம் வந்தால் செத்துத்தொலை என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. நாம் சொல்கிறோம், பிள்ளையும் சொல்லும்.

தங்கச்சி குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டாம். பிள்ளைகள் எதிரிலேயே அழட்டும். "அப்பா நெனப்பு வந்துச்சு, அழுகை வந்துச்சு, இப்பச் சாப்பாடு போடறேன் வாங்க" என்று சொல்லட்டும். ஆனால் பெரியவனிடம், "இனி நீதான் இந்த வீட்டு ஆம்பள, அம்மாவப் பாத்துக்கோ" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். அவனுக்கு எட்டு வயசுதான் அக்கா.

வாரக்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலும், மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போக மறுத்தாலும் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பாகிட்டப் போகணும், நானும் சாகணும் என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமனஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், 2022இல் தொடங்கியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

16. பால்வாடி டீச்சர் (வெள்ளி, காலை 10.12)

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பால்வாடிக்கு வருமுன் பள்ளியில் வேலை செய்தவள் என்பதால் சொல்கிறேன், எங்களுக்குப் பல சமயம் தெரிவதே இல்லை. 'என் அப்பா' என்று பத்து வரி எழுதச் சொல்லிவிட்டு, ஒரு பிள்ளை வெறும் நோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு அந்த நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற பிள்ளைகளிடமும் டீச்சரே முன்கூட்டி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் குண்டு விளையாடும் இடத்தில் யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

சின்னவள் பொம்மையைப் படுக்க வைத்து மாலை போட்டு இழவு விளையாட்டு விளையாடினால் அபசகுனம் என்று பிடுங்காதீர்கள். எங்கள் மையத்தில் ஒருத்தி ஒரு மாதம் விளையாடினாள். தப்பட்டை கூட அடித்தாள், தட்டில்.

17. கொறங்காட்டுக்கிளி (திங்கள், மாலை 5.20)

சொல்லிவிட்டோம்.

வீட்டுக்குள் வேண்டாம் என்று வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம். தங்கச்சியே சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள், இருதயம் என்ற வார்த்தையோடு நின்றுவிட்டாள். மீதியை நான் சொன்னேன். ராத்திரி டூட்டி எழுதியதை ஏறக்குறைய மனப்பாடம் செய்திருந்தேன், இருந்தாலும் செத்துட்டாரு என்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

சின்னவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப வண்டிய யாரு ஓட்டுவா?" சித்தப்பா ஓட்டுவார் என்றேன். "சித்தப்பாவுக்கு இருதயம் இருக்குதா?" இருக்கு, நல்லா ஓடுது. சரி என்று சொல்லிவிட்டுத் தூரிக்குப் போய்விட்டாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து, "அப்பா எப்ப வருவாரு?" முதலில் இருந்து சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு தடவை.

பெரியவன் வெகுநேரம் கட்டில் கயிற்றை நோண்டிக்கொண்டிருந்தான். அப்புறம், "எனக்குத் தெரியும்" என்றான். ஃபிளெக்ஸ் பார்த்தா என்று கேட்டேன். இல்லையாம். அன்றைக்கே பக்கத்துத் தோட்டத்து மாடியிலிருந்து தப்பட்டைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறான். பாடைத்தேர் போனதைப் பார்த்திருக்கிறான். தங்கச்சிப் பாப்பா பார்க்கக்கூடாது என்று டிவி சத்தத்தை அவன்தான் கூட்டி வைத்திருக்கிறான்.

நீ நினைத்ததாலோ பேசியதாலோ இல்லை என்பதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்தான். முதல்நாள் ராத்திரி செல்போனைப் பிடுங்கினாராம் அப்பா. இவன் போர்வைக்குள் போய், 'இந்த அப்பா வேண்டாம்' என்று சொன்னானாம். சத்தமாகக்கூட இல்லையாம். ஒரு மாதம் அதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான் என் சாமி.

தங்கச்சி அவனைக் கட்டிக்கொண்டு, "எத்தன தடவ நானே அப்படி நெனச்சிருக்கேன் தெரியுமா கண்ணு, அந்த மனுசன் குறட்டைக்கு" என்றாள். அழுகைக்கு நடுவில் அவன் சிரித்துவிட்டான். எங்க அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை. எல்லாம் முடிந்ததும் அரிசிம்பருப்புச் சோறு செய்து கொண்டுவந்து வைத்தார், அவருக்கு அதுதான் தெரியும்.

18. மூணாம் நம்பர் பஸ் (திங்கள், மாலை 6.02)

டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான் என்பதை மூன்று தரம் படித்தேன். அவனிடம் ஒன்று சொல்லுங்கள் அக்கா, இனி அந்த வேலை பெரியவர்களுடையது என்று.

19. தறிச்சத்தம் (திங்கள், இரவு 7.44)

படுக்கை எப்படி?

20. கொறங்காட்டுக்கிளி (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.10)

தறிச்சத்தம் அண்ணா, உடனே நிற்கவில்லை. இப்போது வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள்.

பெரியவன் அப்பாவை எங்கே கரைத்தீர்கள் என்று கேட்டான். கொடுமுடியில் என்றோம். கூட்டிப் போகச் சொன்னான். போன வாரம் போனோம். புறப்படும் முன்பே நாலாம் பந்தம் அண்ணாவின் பெரியப்பா மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அங்கே ஐயர்மார் இருப்பார்கள், மற்ற குடும்பங்களும் அழுதுகொண்டிருப்பார்கள், வேண்டாம் என்றால் வண்டியிலேயே இருக்கலாம் என்று. அவன் படித்துறையில் கடைசிப் படி வரைக்கும் இறங்கினான். தண்ணியைக் கையில் அள்ளி உற்றுப் பார்த்தான். அப்புறம் பொரி வாங்கித் தரச் சொல்லி மீனுக்குப் போட்டான். அரை மணி நேரம் போட்டான், நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

ஃபிளெக்ஸைக் கழட்டிவிடலாமா என்று அவர் சிநேகிதர்கள் கேட்டார்கள். கழட்டினால் அது மாட்டுக்கொட்டாய்க்குக் கூரை ஆகிவிடும் என்று பெரியவனுக்குத் தெரியும், ஊரில் எல்லா ஃபிளெக்ஸும் அங்கேதான் போகிறது. எனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டான். சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறான். எடுத்துப் பார்க்கிறதும் இல்லை, எங்களைத் தொட விடுகிறதும் இல்லை.

சின்னவள் இன்னும் கேட்டுக்கு ஓடத்தான் செய்கிறாள். நேற்று வண்டிச் சத்தத்துக்கு நாயும் கூடவே ஓடியது. நாயிடம், "எங்கப்பா வரமாட்டாரு, செத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நாளைக்கும் வரமாட்டாரா?" என்றாள். நாளைக்கும் வரமாட்டார் கண்ணு என்றேன். கேட்டைச் சாத்திக் கொண்டி போட எட்டவில்லை, தூக்கிவிடச் சொன்னாள்.